பரவாயில்லைங்க சார்

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சொட்டுவது நின்றுவிட்டது. நின்றதாகத்தான் நினைக்கிறேன். எதற்கும் அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

பதினோரு மணி போல ஜெயசீலன் வந்தார். எங்கள் கொடிமுல்லைக் குடியிருப்பின் சங்கத் தலைவர். என் மகன் அரசு ஒரு பம்புசெட் நிறுவனத்தில் இருக்கிறான். அதன் திருச்சி அலுவலகத்துக்கும் அவர்தான் மேலாளர். ஆகவே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் மேலாளர்.

காணும் பொங்கல் அன்று மாலை மொட்டைமாடியில் பட்டிமன்றமாம். தலைப்பைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். "நம்மை அதிகம் சிரிக்க வைப்பது 'கிளை மேலாளர்' தொடரா, 'ஆறாம் டெப்போ' தொடரா?" இரண்டும் வேலை செய்யும் இடத்தை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர்கள். முதலாவது ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம், அடுத்தது ஒரு பஸ் டெப்போ. குடியிருப்பில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

"ஐயா, நீங்க எம்.ஏ. தமிழ். 'கிளை மேலாளர்' அணிக்கு நீங்கதான் தலைவர். நடுவர் நான்."

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை, கூட்டத்தைப் பார்த்தால் கால் நடுங்கும் என்றேன்.

"அதான் ஐயா வேணும். நீங்க சும்மா எந்திரிச்சு நின்னாலே சிரிப்பாங்க." பிறகு அரசுவின் தோளில் தட்டினார். அவனை அவர் கூப்பிடுவது வேறு பெயரில். "என்ன ஏகாம்பரம், அப்பா பேசுவார்ல?"

அரசு சிரித்தான். "பேசுவாருங்க சார்."

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் முடிவாகிவிட்டது.

டிசம்பர் 29, திங்கள்

எதையும் முறையாகச் செய்தால்தான் எனக்குப் பயம் குறையும். மருமகள் தேன்மொழி டிவியில் 'கிளை மேலாளர்' போட்டுக் கொடுத்துவிட்டு, விடுமுறையானாலும் ஆசிரியைகளுக்கு வேலை உண்டு என்று பள்ளிக்கூடம் போனாள். ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டேன். ஒரு பக்கம், எப்போது சிரித்தேன். மறுபக்கம், யாரைப் பார்த்துச் சிரித்தேன்.

மேலாளர் தாண்டவமூர்த்தி. வாயாடி. அவருக்குக் கீழே ஏகாம்பரம் என்று ஒரு குமாஸ்தா. மேலாளர் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிச் சிரிப்பார். அவன் சட்டையைச் சொல்லுவார், நடையைச் சொல்லுவார், மாமனார் வீட்டைச் சொல்லுவார். ஏகாம்பரம் எல்லோருக்கும் முன்னால் தானே சிரித்துவிட்டு, "பரவாயில்லைங்க சார்" என்பான். அந்த இடத்தில் பின்னணியில் ஒரு பெரிய சிரிப்பொலி வருகிறது. ஊரெல்லாம் இந்த வசனம்தான் இப்போது.

நானும் சிரித்தேன். எழுதத்தான் வேண்டும். இடது பக்கம் நிறைந்துவிட்டது. வலது பக்கத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

மாலை ரேஷன் கடை. சர்க்கரை வரவில்லை.

டிசம்பர் 31, புதன்

'ஆறாம் டெப்போ' பார்த்தேன். முதல் இரண்டு பகுதிகளில் சிரிப்பே வரவில்லை. எனக்குத்தான் ரசனை போதவில்லை என்று நினைத்தேன். சிரிப்பொலி கிடையாது. ஸ்பேனர் சத்தமும் பஸ் உறுமலும்தான்.

மூன்றாவதில் ஃபோர்மேன் பொன்னையா வந்தார். அவருக்குத் திக்குவாய். கேன்டீனில் அவர் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொள்கிறார். மற்றவர்கள் டீயைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. டீயில் ஆடை படிகிறது. கடைசியில் அவர் முடிக்கிறார். அவர் சொன்னது டெப்போ மேனேஜரைப் பற்றி. அங்கே எனக்குப் புரையேறிவிட்டது. தேன்மொழி வந்து தலையில் தட்டினாள்.

யோசித்துப் பார்த்தால், அவர் திக்குவதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் சிரித்தேன். இது பெரிய வேறுபாடா, நானாகப் பெரிதாக்குகிறேனா தெரியவில்லை. குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 1, வியாழன்

கீழே கேக் வெட்டினார்கள். ஜெயசீலன் மைக்கில், "ஏகாம்பரம், கத்தி எங்கப்பா? அதையும் வீட்லயே வச்சுட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அரசு முதலில் சிரித்தான்.

அவனுடைய முழுப்பெயர் அடலரசு. நான் வைத்தது. அடல் என்றால் வலிமை, வெற்றி. பிறப்புப் பதிவில் எழுத்தர், "அழகரசுன்னு போட்டுடவா சார்?" என்று கேட்டார். அடலரசு என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெயசீலன், "அடலா, கடலா?" என்று கேட்டாராம். கொஞ்ச காலம் 'கடல்' என்று கூப்பிட்டார். தொடர் வந்த பிறகு ஏகாம்பரம். இப்போது அலுவலகம் முழுக்க அதுதான்.

கேக் முடிந்ததும் எனக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு பனியன் கொடுத்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'பரவாயில்லைங்க சார்'. அரசு அங்கேயே சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டான். நான் அளவு சரியாக இருக்காது என்று சொல்லிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

குழாய் மறுபடி சொட்டுகிறது. தரையில் விரிக்கத் துணி தேவைப்பட்டது. பனியன் நல்ல பருத்தி. நன்றாக உறிஞ்சுகிறது.

ஜனவரி 5, திங்கள்

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். தேன்மொழி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"மாமா, அவர் வீட்லயும் அந்தச் சிரிப்புதான் சிரிக்கிறாரு. கவனிச்சீங்களா?"

"எந்தச் சிரிப்பு?"

"நான் ஏதாச்சும் கோவமா சொல்ல வாயத் தொறந்தா, சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சிடுறாரு. யாருக்கிட்ட சண்ட போடுறது? நேத்து எங்கம்மா ஃபோன்ல, 'மாப்ள ரொம்பத் தமாஷானவரு'ங்கிறாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. எங்க போயி கத்துக்கிட்டாரோ இந்தச் சிரிப்ப."

நான் அடுத்த அவரைக்காயை எடுத்தேன்.

அரசு சின்னவனாக இருந்தபோது, அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு நாள், மாவட்ட அலுவலகத்தில் என் இருக்கைக்கு அழைத்துப் போயிருந்தேன். அன்று எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து அவனும் சிரித்தான். கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள்.

இது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. அவரைக்காயில் பூச்சி அதிகம்.

ஜனவரி 8, வியாழன்

சங்க அறையில் ஒத்திகை. 'ஆறாம் டெப்போ' அணிக்குத் தலைவர் மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர், ஓய்வு பெற்ற கணக்காசிரியை. என் தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எங்க அணிக்குல்ல குறிப்பு எடுத்திருக்கீங்க" என்றார்.

உண்மைதான். கூச்சத்தோடு ஜெயசீலனிடம் கேட்டேன். அணி மாறிப் பேசலாமா?

"பட்டிமன்றத்துல கொடுத்த பக்கம்தான் பேசணும் ஐயா. மனசுல என்ன இருந்தா என்ன? வக்கீல் மாதிரி." பிறகு, "அப்பாவும் பிள்ளையும் ஒரே டைப்பு. எல்லாத்துக்கும் தயக்கம். ஏகாம்பரம் சீனியர், ஏகாம்பரம் ஜூனியர்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. முகம் தானாகத் தயாரானது, உதடு பாதி வழி போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

அரசு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். நான் எழுதிவைத்த பேச்சைப் படித்திருக்கிறான். மேசைமேல்தான் வைத்திருந்தேன்.

"அப்பா, இந்த மாசக் கடைசில அப்ரைசல். சீனியர் போஸ்ட்டுக்கு ரெண்டு பேரு லைன்ல நிக்கிறோம். அவரு கையிலதான் இருக்கு. அவருக்கு அந்த சீரியல்னா உசுரு. நாலு எடத்துல சிரிப்பு வர்ற மாதிரி பேசிட்டு உக்காந்துடுங்க. போதும்."

"உனக்கு அந்தப் பேரு புடிச்சிருக்காப்பா?"

"எந்தப் பேரு?"

எந்தப் பெயர் என்று கேட்கிறான்.

"புடிக்கிறது புடிக்காததுன்னு என்ன இருக்கு. எல்லா ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான்ப்பா. உங்க ஆபீஸ்ல இல்லையா?"

"இருந்தான்."

"என்ன செஞ்சான்?"

"ரிட்டயர் ஆனான்."

அரசு சிரித்தான். அவனைப் பார்த்து நான் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அவன் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுந்து போய்விட்டான்.

அவன் கேட்டது நியாயம். வேலை அவனுடையது, வீட்டுக்கடன் அவனுடையது. எனக்கு என்ன உரிமை? பேச்சிலிருந்து சில பத்திகளை அடித்தேன். டெப்போவைப் பற்றிய நல்ல வார்த்தைகள் எல்லாம் போயின. மிஞ்சியது யாரையும் உறுத்தாத பேச்சு. என் கோப்புகளில் நான் எழுதிய குறிப்புகள் போல இருந்தது.

ஜனவரி 14, புதன்

போகி. பழைய பாய் ஒன்றை எரிக்கலாம் என்றேன். தேன்மொழி புகை வேண்டாம் என்றாள். சரிதான்.

காலையில் வாசல் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பால் வாங்கப் போனவன் நின்று படித்தேன். நடுவராக ஜெயசீலனின் பெரிய படம், கூலிங் கிளாஸோடு. அதற்குக் கீழே:

'கிளை மேலாளர்' அணி: திரு. தில்லைநாயகம், எம்.ஏ. (ஏகாம்பரத்தின் தந்தை). நன்றியுரை: திரு. ஏகாம்பரம்.

முதலில் கேலி என்று நினைத்தேன். சங்க அலுவலகத்தில் இருக்கும் சகாயமேரியிடம் கேட்டேன். அந்தப் பெண் வெலவெலத்துப்போனாள்.

"அவங்க பேரு அது இல்லையா ஐயா? எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க. நான் மெயின்டனன்ஸ் ரசீதுல கூட ரெண்டு வருஷமா அதான் எழுதுறேன். சாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க, ஒண்ணுமே சொன்னதில்லையே."

வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறான்.

மாலையில் அரசு வந்து பைக்கை நிறுத்திவிட்டு ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான். நான் பால்கனியில் இருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சிரிக்க அங்கே யாரும் இல்லை, அதனால் அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. மேலே வந்ததும், "பரவால்லப்பா, ஃப்ளெக்ஸ்தானே" என்றான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது.

ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன். ஃப்ளெக்ஸில் பெயரைத் திருத்த வேண்டும், ஒரு துண்டுத்தாள் ஒட்டினால்கூடப் போதும் என்றேன்.

"அடிச்சது அடிச்சாச்சு ஐயா. இருக்கட்டுமே, அதுவே ஒரு காமெடி. உங்க பையனே ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" கரும்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு, "வரேங்க" என்று மட்டும் சொன்னேன். கரும்பை அவர் வீட்டுத் திட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மரியாதைக் குறைவுதான். பரவாயில்லை என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பேச்சைக் கிழித்துப் போட்டேன். கொடுத்த பக்கம்தான் பேச வேண்டும் என்றால், கொடுத்த பக்கமே பேசுகிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. பட்டிமன்றம் முடிந்து வந்ததும் படுத்துவிட்டேன். இப்போது காலை ஏழு மணி.

மொட்டைமாடி நிறையக் கூட்டம். ஸ்டெல்லா டீச்சர் முதலில் பேசினார், கணக்குப் பாடம் மாதிரி தெளிவாக. கைதட்டல் இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கையில் வைத்திருந்த பழைய குறிப்புத் தாளின் நடுக்கம் மைக்கில் மழை மாதிரி கேட்டது. ஜெயசீலன் சொன்னது போலவே, நான் எழுந்து நின்றதற்கே சிரித்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்தேன். பொன்னையாவுக்காக டெப்போக்காரர்கள் காத்திருந்தார்களே, அது போல அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நினைத்ததைவிட அதிக நேரம் ஆகவில்லை.

பேசியதை நினைவில் உள்ளவரை எழுதுகிறேன்.

"நடுவர் அவர்களே, அதிகம் சிரிக்க வைப்பது 'கிளை மேலாளர்'தான். என் அணி சொல்வது உண்மை. நான் ரெண்டையும் உக்காந்து பார்த்தேன். டெப்போவுல சிரிப்பு வர நேரமாகுது. அங்க ஒருத்தர் இன்னொருத்தரக் கிண்டல் பண்ணா, அவர் திருப்பிப் பண்றாரு. அதுக்குள்ள ஒரு பஸ் ரிப்பேர் முடிஞ்சுடுது. 'கிளை மேலாளர்'ல அந்தத் தொந்தரவே இல்ல. அந்த ஆபீஸ்ல என்ன வேலை நடக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஏகாம்பரம் திருப்பிப் பேச மாட்டான்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும். திருப்பிப் பேசாதவனப் பாத்து சிரிக்கிறது ரொம்ப சுலபம். சுலபமா வர்றது அதிகமா வரும். அதனால எங்க அணிதான் ஜெயிக்கணும்."

இதுவரை சிரிப்பு இருந்தது. நல்ல வாதம் என்று நினைத்தார்கள்.

"ஒண்ணு கவனிங்க. மேலாளர் ஜோக் சொன்னதும் கேமரா சிரிக்கிறவங்க முகத்தக் காட்டும். ஏகாம்பரத்தக் காட்டும், அவன் 'பரவாயில்லைங்க சார்'னு சொல்ற வரைக்கும். சொன்ன பிறகு அந்த முகம் என்ன ஆகுதுன்னு எந்த வாரமும் காட்டுனதில்ல. நான் காட்டட்டுமா? எனக்குத் தெரியும். என் ஆபீஸ்ல எனக்கு வச்ச பேரு பிளாட்டிங் பேப்பர். யாரு மையக் கொட்டினாலும் உறிஞ்சிக்கும், சத்தம் போடாது. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நான் சிரிச்சிடுவேன். என் முகம் இதுதான். நல்லாப் பாத்துக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலன் மணியை அழுத்தினார். பட்டிமன்றத்தில் மணி அடித்தால் முடித்துவிட வேண்டும். வாழ்நாள் முழுதும் மணி அடித்ததும் எழுந்தவன், மணி அடித்ததும் உட்கார்ந்தவன் நான். நிறுத்தவில்லை.

"வாசல்ல இருக்கிற ஃப்ளெக்ஸ்ல ஒரு பிழை இருக்கு. எனக்கு ஏகாம்பரம்னு மகன் கிடையாது."

மறுபடி மணி.

"என் மகன் பேரு அடலரசு. பதிவு ஆபீஸ்ல வேற பேரு எழுதிடவான்னு கேட்டாங்க. நான் விடல. இங்கயும் விடறதா இல்ல."

மணியின் மேல் விரலை வைத்தபடியே ஜெயசீலன் தன் மைக்கில் பேசினார். சிரித்த முகம்தான். "ஐயா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாரு. ஏகாம்பரம், அப்பாவுக்குத் தண்ணி குடுத்துக் கூட்டிட்டுப் போ."

எல்லோரும் அரசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்தான். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. என்னைப் பற்றி இல்லை. அவன் இப்போது சிரித்துவிட்டால், நான் பேசியது எல்லாம் ஒரு கிழவனின் கூத்தாகிவிடும். அந்தச் சிரிப்பை அவனுக்குக் கொடுத்தவனுக்கு அதைத் தடுக்க வழி தெரியவில்லை.

அவன் எழுந்திருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தன்னைக் கூப்பிடாத மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஏகாம்பரம்" என்று மறுபடி கேட்டது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். அவன் அசையவில்லை. தேன்மொழி எழுந்து வந்து என்னிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "இன்னும் ஏதாச்சும் இருந்தா சொல்லிட்டு வாங்க மாமா, அவசரமில்ல" என்றாள். மைக்கில் கேட்டுவிட்டது.

சொல்ல வேறு ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன்.

நடுவர் தீர்ப்பு சொல்லித்தானே ஆக வேண்டும். ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த தீர்ப்பைப் படித்தார். 'கிளை மேலாளர்' அணி வென்றது. எங்கள் அணிக்கு யாரும் கைதட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து ஸ்டெல்லா டீச்சர் தட்டினார், தோற்ற அணியின் தலைவர்.

பிறகு நன்றியுரை. அரசு மேடைக்குப் போனான். மைக்கைக் கையில் வாங்கினான். ஜெயசீலனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நன்றியுரை சொல்ல வந்திருக்கிற என் பேரு அடலரசு" என்றான். நாற்காலி கொடுத்தவர், மைக் செட், பொங்கல் செய்த சமையல்காரர் என்று வரிசையாக நன்றி சொன்னான். நடுவருக்கும் சொன்னான். கடைசியில், "எங்கப்பாவுக்கு நன்றி" என்றான்.

இறங்கி வரும்போது என் பக்கத்தில் நின்று, "போஸ்ட்டு போச்சுப்பா" என்றான்.

"போயிருக்கும்" என்றேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் ஃப்ளெக்ஸ் கேட்டில் இல்லை. குளியலறையில், குழாய்க்கு அடியில், நாலாக மடித்துக் கிடக்கிறது. பனியன் துவைத்துக் கொடியில் காய்கிறது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

அரசு அலுவலகம் போனான். பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாஷர் வாங்கக் கடைக்குப் போய் வாங்காமல் திரும்பினேன். நான் செய்தது சரியா? அவன் வாழ்க்கையில் நான் ஏன் மைக்கைப் பிடித்தேன்? மறுபடி என்னை அதே இடத்தில் நிறுத்தினால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். மணி அடித்த பிறகும் பேசுவேன் என்றுதான் தோன்றியது. இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ஆறு மணிக்கு வந்தான். ஷூவைக் கழற்றினான். நான் கேட்கவில்லை. தேன்மொழி டீ கொடுத்தாள். அவளும் கேட்கவில்லை. மூவரும் அவரவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலைல போனதுமே கேபினுக்குக் கூப்பிட்டாருப்பா" என்றான்.

"ம்."

"'வா ஏகாம்பரம்'னாரு. வாசல்லயே நின்னேன். பேரச் சொன்னேன். 'சரிப்பா கடல், உள்ள வா'ன்னாரு. அப்பவும் நின்னேன். மறுபடி சொன்னேன். ஆபீஸே பாத்துட்டிருக்கு."

"அப்புறம்?"

"எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஃபைலப் பொரட்டுனாரு. ஃபோன் எடுத்தாரு, வச்சாரு. அப்புறம் வாயத் தொறந்தாரு."

டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"'அடல்' வரைக்கும் வந்துட்டாருப்பா. மிச்சத்துக்கு நாளைக்கும் நிப்பேன்."